பழகினால் சரியாகாது

பாலாற்றுப் பாலத்தைத் தாண்டியதும் வண்டியை ஓரங்கட்டினேன். கிழக்குக் கடற்கரைச் சாலை, கல்பாக்கத்துக்குச் சற்றுத் தெற்கே, மதியம் இரண்டு மணி வெயில். விடிகாலை ஐந்து மணிக்குத் திருவான்மியூரில் கிளம்பி, மரக்காணம் பக்கம் வரை போய்த் திரும்பிக்கொண்டிருந்தேன். 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். ‘பிரெவே’ என்பார்கள். இதில் முதலிடம் இரண்டாமிடம் எல்லாம் கிடையாது. நேரத்துக்குள் வந்து சேர்ந்தால் போதும். நாலரை மணி நேரம் கையில் இருந்தது. மீதி அறுபது கிலோமீட்டர்தான். காலில் தெம்பும் இருந்தது. கைதான் இல்லை.

சாலையோரக் கடையில் டீ சொன்னேன். கடைக்காரர் நீட்டிய கிளாஸைக் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் பிடித்தன. மோதிர விரலும் சுண்டு விரலும் அங்கே இருப்பதாகவே தெரியவில்லை. கிளாஸ் நழுவிக் கீழே விழுந்து உடைந்தது. “பரவால்ல சார், மொதல்ல உக்காருங்க” என்று சொல்லிவிட்டு அவர் வேறு டீ போட்டார். அதை இரண்டு உள்ளங்கைகளாலும் அணைத்துப் பிடித்துக் குடித்தேன். கழுத்தைத் திருப்ப முடியவில்லை. இந்த விரல்களை வைத்துக்கொண்டு பஸ்ஸும் லாரியும் போகிற சாலையில் பிரேக் பிடிக்க முடியாது என்பது அந்த டீ முடிவதற்குள் எனக்குத் தெளிவாகிவிட்டது.

காய்கறி இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பிய ஒரு குட்டியானையில் சைக்கிளைப் படுக்கப் போட்டு வீடு திரும்பினேன். வழியெல்லாம் கண்ணுக்கு நேரே இருந்தது சீட் குழாயின் அடியில் ஒட்டியிருந்த சின்ன ஸ்டிக்கர். அதில் ஒரே ஒரு எண்: 56. இரண்டு வருடமாக என் உடம்பு படாத பாடு பட்டதன் காரணம் அந்த எண்தான். அதைத் தேர்ந்தெடுத்தது வேறு யாருமில்லை, நான்தான்.

அந்த 56 எனக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டுமானால் அப்பாவிடமிருந்து தொடங்க வேண்டும்.

அப்பா கும்பகோணம் பக்கத்தில் தபால்காரராக இருந்தார். ஆறேழு கிராமங்களுக்குத் தினமும் சைக்கிளில் போய் வருவார். வீட்டிலிருந்த கருப்பு நிற வண்டி 22 அங்குலம். அந்தக் காலத்தில் ஆண்கள் ஓட்டும் பெரிய சைக்கிள் பெரும்பாலும் 22, 24 என்ற இரண்டே அளவுகளில்தான் வரும். சக்கரத்தின் அளவு அல்ல அது; சக்கரம் இரண்டுக்குமே 28 அங்குலம்தான். பெடல் அச்சிலிருந்து சீட் வரை மேலேறும் குழாயின் நீளம்தான் 22ம் 24ம்.

நாங்கள் அந்த வண்டியில்தான் கற்றுக்கொண்டோம். பாருக்கு மேல் கால் எட்டாத வயதில், பாருக்குக் கீழே முக்கோணத்துக்குள் வலது காலை நுழைத்து, உடம்பை ஒருபக்கமாகத் தொங்கவிட்டுக் குரங்குப் பெடல். அப்புறம் பாருக்கு மேலே ஏறி அரைப் பெடல். அதற்கும் அப்புறம் சீட். முழங்கால் சிராய்ப்பைக் காட்டினால் வீட்டில் ஒரே பதில்தான்: “பழகுனா சரியாயிடும்.” தீபாவளிச் சட்டையை இரண்டு சைஸ் பெரிதாக எடுப்பார்கள், வளர்ற பிள்ளை என்று. பள்ளிக்கூடச் செருப்பில் முன்னால் பஞ்சு வைத்துப் போட்டுக்கொண்டு போனோம். பொருளுக்குத் தக்கபடி உடம்பு வளர வேண்டும், வளையவும் வேண்டும். இதை யாரும் எங்களுக்குப் பாடமாகச் சொல்லித்தரவில்லை. மூச்சு விடுவதைப் போல அதுவாகவே ஒட்டிக்கொண்டது.

அப்பா மிதிக்கும்போது இடுப்பு இடமும் வலமுமாக ஆடும். வாய்க்கால் பாலத்துக்கு அந்தப்பக்கம் புள்ளியாகத் தெரியும்போதே அந்த ஆட்டத்தை வைத்து “அப்பா வர்றாங்க” என்று கத்துவோம். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அவர் திண்ணையில் குப்புறப் படுத்துக்கொள்ள, அம்மா இடுப்பில் தைலம் தேய்த்துவிடுவாள். இந்த இரண்டையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்க எனக்கு நாற்பது வயது ஆக வேண்டியிருந்தது.

முப்பத்தெட்டாவது வயதில், சர்க்கரை வரப்போகிறது என்று டாக்டர் எச்சரித்த பிறகு, ரோடு பைக் வாங்க முடிவு செய்தேன். ஒருவர் தன் பழைய வண்டியை நல்ல விலைக்குத் தருவதாகச் சொன்னார். “உங்களுக்கு என்ன சைஸ் சார்?” என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. நான் யோசிக்கவே இல்லை. “22 அங்குல வண்டியில வளர்ந்தவன்” என்றேன். 22 அங்குலம் என்றால் 56 சென்டிமீட்டர். அவருடைய வண்டியும் 56. பொருத்தம் பார்த்து முடித்ததுபோல மனசு நிறைந்துவிட்டது. வண்டியின் மேல் நின்று பார்த்தபோது பார் தொடையிடுக்கில் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. அதையும் பார்த்தேன். பழகினால் சரியாகிவிடும் என்று பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

நான் செய்த பிழை என்ன என்பது அப்போது எனக்குப் புரியவில்லை. அப்பாவின் சைக்கிளும் ரோடு பைக்கும் ஒரே எண்ணைச் சொன்னாலும் அவை வேறு வேறு சாதி. பழைய கருப்பு வண்டியில் சீட் குழாய் நன்றாகப் பின்னால் சாய்ந்திருக்கும். ஹேண்டில்பார் வளைந்து நம்மை நோக்கி வந்து கையைத் தேடிக்கொள்ளும். நிமிர்ந்து உட்கார்ந்து, குடைகூடப் பிடித்துக்கொண்டு போகலாம். பிரேம் நீளமாக இருந்தாலும் கைக்குத் தெரியாது. ரோடு பைக்கில் சீட் குழாய் 73 டிகிரிக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நிற்கும். ஹேண்டில்பார் நம்மை விட்டு முன்னால் ஓடும். பிரேக்கும் கியரும் இருக்கும் ‘ஹுட்’ அதற்கும் முன்னால். அங்கே கை போய்ச் சேர வேண்டும். ஆக, ரோடு பைக்கில் உயரத்தைவிட நீளமே நம்மை அதிகம் சோதிக்கிறது. உயரம் சரியில்லை என்றால் சீட்டை ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். இரும்பிலோ அலுமினியத்திலோ கார்பனிலோ வார்த்துவிட்ட நீளத்தை என்ன செய்வது?

நானும் விடவில்லை. இரண்டு வருடம் செய்து பார்த்தேன்.

முதலில் கழுத்து வலித்தது. ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம்மை 110 மில்லிமீட்டரிலிருந்து 70க்கு மாற்றினேன். கை நாலு சென்டிமீட்டர் பக்கத்தில் வந்தது. ஆனால் வண்டி பதறத் தொடங்கியது. லேசாகக் கை அசைந்தாலும் முன்சக்கரம் வெடுக்கென்று திரும்பியது. முட்டுக்காடு பாலத்தில் பக்கவாட்டுக் காற்றில் இரண்டு முறை விழப் பார்த்தேன்.

அடுத்து, சீட்டை அதன் அடிக்கம்பிகளில் முடிந்தமட்டும் முன்னால் தள்ளினேன். முன்னால் நகர்ந்தால் கைக்குச் சுமை குறையும் என்பது என் கணக்கு. நடந்தது நேர்மாறு. இடுப்பு பெடலுக்குப் பின்னால் இருக்கும்வரைதான் உடம்பின் மேல்பாதி தன்னைத்தானே தாங்கிக்கொள்ளும். நாற்காலியிலிருந்து எழும்போது இடுப்பைப் பின்னால் வைத்துத்தானே முன்னால் குனிகிறோம்? அந்தச் சமநிலை போய்விட்டால் எடை முழுக்க உள்ளங்கையில் வந்து இறங்கும். அதோடு முழங்காலின் முன்பக்கம் வலிக்கத் தொடங்கியது.

பிறகு ஜெல் வைத்த கையுறை. ஹேண்டில்பாருக்கு இரட்டை டேப். கழுத்துக்குப் பிசியோதெரபி. ஒவ்வொன்றும் ஒரு மாதம் தாங்கும். உள்ளங்கையின் அடிப்பகுதியில், சுண்டு விரல் பக்கமாக, அல்நார் நரம்பு ஓடுகிறது. அது நாள்கணக்கில் நசுங்கினால் மரத்துப்போவது மோதிர விரலில் பாதியும் சுண்டு விரலும்தான். சைக்கிள்காரர்களுக்கே உரிய வியாதி என்று மருத்துவர்கள் இதைச் சொல்வதுண்டு. என் விரல்கள் தாங்கள் எந்த நரம்பால் கெட்டன என்று இரண்டு வருடமாகத் தெளிவாகவே சொல்லிக்கொண்டிருந்தன. நான் அதைச் சகித்துக்கொள்வதுதான் பயிற்சி என்று நினைத்தேன். கூட வருபவர்கள் சிரமமில்லாமல் போவதைப் பார்த்து, எனக்கு உறுதி போதவில்லை என்று என்னையே குறை சொல்லிக்கொண்டேன்.

பாலாற்றுக்கு அடுத்த வாரம், உடம்புக்கு வண்டியைப் பொருத்தித் தரும் ஒரு பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரருக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு. நான் வண்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். அவர் கையமர்த்தினார்.

“வண்டி இருக்கட்டும் சார். எங்கெங்க வலிக்குது, அதை மொதல்ல சொல்லுங்க.”

சொன்னேன். கழுத்து, தோள்பட்டைக்கு நடுவில், இரண்டு விரல், முழங்காலின் முன்பக்கம். ஒவ்வொன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டார். பிறகு செருப்பைக் கழற்றச் சொல்லிச் சுவரில் முதுகை ஒட்டி நிற்க வைத்தார். கெட்டி அட்டை போட்ட தடித்த புத்தகம் ஒன்றைக் கொடுத்து, கால்களுக்கு நடுவே, சீட்டில் உட்கார்ந்தால் எவ்வளவு அழுத்துமோ அவ்வளவு அழுத்தமாக மேலே ஏற்றிப் பிடிக்கச் சொன்னார். புத்தகத்தின் மேல் விளிம்பு சுவரில் தொட்ட இடத்தில் பென்சிலால் கோடு போட்டார். தரையிலிருந்து கோடு வரை 77 சென்டிமீட்டர். அதுதான் கால்களின் உள்நீளம். பேன்ட் தைக்க எடுக்கும் அளவு இதற்குப் பயன்படாது. பேன்ட் எலும்பில் உட்காருவதில்லை.

“77ஐ 0.883ஆல பெருக்குங்க சார்.”

68. பெடல் அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை இருக்க வேண்டிய உயரம். பிரெஞ்சுப் பயிற்சியாளர் சிரில் கிமாரின் அணியில் வளர்ந்து, 1986ல் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை வென்ற முதல் அமெரிக்கர் கிரெக் லெமாண்ட் தன் புத்தகத்தின் வழியாக ஊரறியச் செய்த கணக்கு அது.

“இப்ப 0.65லேருந்து 0.67 வரைக்கும்.”

50லிருந்து 51.6. பழைய பாணியில் பார் தரைக்கு இணையாகப் போகும் வண்டியில் என் பிரேம் அளவு அதுதான். நான் உட்கார்ந்திருந்தது 56ல். ஐந்து சென்டிமீட்டர் என்றால் இரண்டு சைஸ்.

அடுத்து சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி என்னை மிதிக்கச் சொன்னார். மேசையிலிருந்து ஒரு தூக்குக்குண்டை எடுத்தார். கொத்தனார் சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கும் அதே நூல், அதே பித்தளைக் குண்டு. பெடல் இரண்டும் ஒரே மட்டத்தில் நின்றபோது முன்காலின் முழங்கால் மூட்டுக்கு முன்னாலிருந்து நூலைத் தொங்கவிட்டார். குண்டு முன்பெடலின் நடுவையொட்டித் தொங்கினால் தொடக்கத்துக்கு நல்ல இடம் என்று எடுத்துக்கொள்வார்கள். அது சட்டமல்ல, ஒரு வழிகாட்டி. என் குண்டு பெடலுக்கு முன்னால் நாலு விரற்கடை தள்ளி வெறும் காற்றில் ஆடியது. நீளத்தை ஈடுகட்ட நான் சீட்டை எவ்வளவு தூரம் முன்னால் இழுத்திருந்தேன் என்பதை அந்த நூல் ஒரு நொடியில் காட்டிவிட்டது.

“சீட்டைப் பின்னால தள்ளிடலாமா தம்பி?” என்றேன்.

“தள்ளலாம் சார். ஆனா கை எட்டாது. கைக்காக முன்னால வந்தா முட்டி போகும். முட்டிக்காகப் பின்னால போனா கழுத்து போகும். நட்டு முறுக்கிச் சரி பண்ற வண்டி இல்ல இது.”

அவர் என்னிடம் எதையும் விற்கவில்லை. வேறு வண்டி தேடும்போது என்ன பார்க்க வேண்டும் என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்து சொல்லித்தந்தார். அங்கே கற்றதையும், அதற்குப் பிறகு நானாகத் தேடித் தெரிந்துகொண்டதையும் சேர்த்தே இங்கே சொல்கிறேன்.

முதலாவது, ஸ்டிக்கரில் இருக்கும் எண்ணை நம்பக்கூடாது. சீட் குழாயின் நீளம்தான் சைஸ் என்றிருந்த காலம் போய்விட்டது. 1990களின் பிற்பகுதியில் பிரிட்டிஷ் வடிவமைப்பாளர் மைக் பரோஸ், தைவானின் ஜயன்ட் கம்பெனிக்காக டிசிஆர் என்ற வண்டியை வடிவமைத்தார். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் கிறிஸ் போர்ட்மன் தங்கம் வென்ற லோட்டஸ் சைக்கிளின் பின்னால் இருந்தவரும் இவர்தான். டிசிஆரில் அவர் பாரைப் பின்பக்கமாகச் சரித்தார். சீட் குழாய் குட்டையானது. சீட்டைத் தாங்கும் நீளமான சீட் போஸ்ட்டும் விதவிதமான ஸ்டெம்மும் மீதியைப் பார்த்துக்கொள்ளும் என்பதால், வரிசையாக அடுக்கிய அளவுகளுக்குப் பதில் ஸ்மால், மீடியம், லார்ஜ் போன்ற சில அளவுகளே போதும் என்றானது. பிறகு பெரும்பாலான கம்பெனிகளும் சரிந்த பாருக்கு வந்துவிட்டன. இன்றைக்கு ஒரு கம்பெனியின் 54ம் இன்னொன்றின் 54ம் ஒன்றல்ல. ஒருவரின் மீடியம் இன்னொருவருக்கு ஸ்மால்.

இரண்டாவது, ஒப்பிட வேண்டியது ஸ்டாக், ரீச் என்ற இரண்டு அளவுகளை. பெடல் அச்சின் மையத்திலிருந்து நேர்மேலாக ஒரு கோடு. ஹேண்டில்பார் வந்து சேரும் முன்குழாயின் உச்சியிலிருந்து அந்தக் கோட்டுக்குப் படுக்கையாக இன்னொரு கோடு. நிற்கும் கோட்டின் உயரம் ஸ்டாக், படுத்த கோட்டின் நீளம் ரீச். சீட்டை எங்கே வைத்தாலும், போஸ்ட்டை எவ்வளவு ஏற்றினாலும் இவை மாறுவதில்லை. எனவே இரண்டு வண்டிகளை நேர்மையாக ஒப்பிட இவைதான் உதவும். கை குட்டையானவர்கள், முதுகு வளையாதவர்கள், நீண்ட தூரம் போக நினைப்பவர்கள் ஸ்டாக் உயர்ந்து ரீச் குறைந்த பிரேமைத் தேட வேண்டும்.

மூன்றாவது, ஒரே உயரமுள்ள இரண்டு பேருக்கு ஒரே வண்டி பொருந்தும் என்று எண்ணக்கூடாது. என் உயரம் 167. என் அலுவலக நண்பருக்கும் அதே உயரம். அவருக்குக் கால் நீளம், எனக்கு உடம்பு நீளம். உயரத்தை மட்டும் வைத்துச் சைஸ் சொல்லும் அட்டவணை எங்கள் இருவரையும் ஒரே சட்டைக்குள் திணித்துவிடும்.

நான்காவது, இரண்டு சைஸுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் பெரும்பாலும் சின்னதை எடுப்பதே நல்லது. சின்ன பிரேமில் சீட் போஸ்ட்டை ஏற்றலாம், ஸ்டெம்மைக் கொஞ்சம் நீட்டலாம். பெரிய பிரேமை எதைக் கொண்டும் சின்னதாக்க முடியாது. அதற்காக மிகச் சின்னதும் கூடாது. முதுகு கூன் விழும், திருப்பத்தில் கால் நுனி முன்சக்கரத்தில் இடிக்கும். கடைசியாக, செருப்போடு வண்டியின் மேல் கால் பரப்பி நின்றால் பாருக்கும் நமக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளியாவது வேண்டும். நடுச்சாலையில் திடீரென்று நிற்க நேரும் நாளில் அதன் அருமை தெரியும்.

எடி மெர்க்ஸைப் பற்றிப் படித்தபோதுதான், எனக்கு உறுதி போதவில்லை என்று என் மனசில் இருந்த முள் வெளியே வந்தது. டூர் டி பிரான்ஸை ஐந்து முறை வென்றவர். 1969ல் பிரான்ஸின் புளுவா நகரில் நடந்த பந்தயத்தில் அவருக்கு முன்னால் மோட்டார் வண்டியில் வேகம் பிடித்துக்கொடுத்தவர் விபத்தில் இறந்தார். மெர்க்ஸின் இடுப்பெலும்பு பிசகியது. அதற்குப் பிறகு அவர் தன் சீட்டின் உயரத்தை மாற்றிக்கொண்டே இருந்தார். பந்தயத்தின் நடுவில்கூடச் சாவியை எடுத்துத் திருகியிருக்கிறார். உலகத்தில் அவரைவிட உறுதியுள்ள சைக்கிள்காரர் யார்? அவரே வலியைச் சகித்துப் பழகுவதில் பெருமை தேடவில்லை. மில்லிமீட்டர் கணக்கில் வண்டியை உடம்பிடம் கொண்டுவர முயன்றுகொண்டே இருந்தார்.

மூன்று மாதம் காத்திருந்து, ஸ்டாக்கும் ரீச்சும் பார்த்து, ஒரு 51ஐ வாங்கினேன். முதல் நாள் விடிகாலையில் கோவளம் வரை போனேன். புதிதாக எதையோ உணர்வேன் என்று எதிர்பார்த்தேன். எதுவும் இல்லை. கழுத்து இருப்பது தெரியவில்லை, கை இருப்பது தெரியவில்லை, வண்டி இருப்பதே தெரியவில்லை. மீனவர்கள் வலை இழுப்பதையும் சவுக்குத் தோப்புக்குப் பின்னால் வெளுக்கும் வானத்தையும் பார்த்துக்கொண்டே போனேன். இரண்டு வருடமாக அதே சாலையில் போய் வந்தவன்தான். நான் பார்த்ததெல்லாம் தாரைத்தான் என்று அன்றைக்குத் தெரிந்தது. அடுத்த ஜனவரியில் அந்த 200 கிலோமீட்டரை முடித்தேன். பாலாற்றுக் கடையில் நிறுத்தி, டீ கிளாஸை ஐந்து விரலாலும் பிடித்துக் குடித்தேன்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பையில் அளவு டேப்பை எடுத்துப் போனேன். அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. வண்டி கொல்லைத் தாழ்வாரத்தில் சாய்ந்திருந்தது. அவரைச் சுவரில் ஒட்டி நிற்கச் சொல்லிப் பழைய அட்லஸ் புத்தகத்தை வைத்து அளந்தேன். என்ன ஏது என்று கேட்காமல் நின்றார். 71. சீட்டின் உயரம் 63க்கு மேல் போயிருக்கக் கூடாது. வண்டியை அளந்தேன். சீட் அதன் கடைசி மட்டம் வரை இறக்கித்தான் இருந்தது. அப்படியும் 67.

நாலு சென்டிமீட்டர். ஒவ்வொரு மிதிக்கும் கால் எட்டாமல் இடுப்பு ஒருபக்கம் சாய்ந்து, மறு மிதிக்கு மறுபக்கம் சாய்ந்து, ஆறேழு கிராமம், முப்பது வருடம். தூரத்திலிருந்து எங்களுக்கு அப்பாவை அடையாளம் காட்டிய ஆட்டம் அது. அம்மா தைலம் தேய்த்ததும் அதற்காகத்தான்.

திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் அவருக்கு விளக்கினேன். டேப்பை வாங்கி 63க்கும் 67க்கும் நடுவே இருந்த இடத்தைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

“இவ்ளோதானா தம்பி?” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “நான் எங்கால்தான் குட்டைன்னு நெனச்சுக்கிட்டே ஓட்டுனேன்” என்றார்.